புரூஃபில் பிறந்த நத்தை

விருதுநகரில் தென்மண்டல நிலநத்தைப் பேரின நிர்ணய ஆணையம் என்று ஒன்று இருந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள் என்றால் உங்களுக்கு இழுப்பு நோய் இல்லை என்று அர்த்தம். மழைக்கு ஏங்குகிற இந்தக் கந்தக பூமிக்கும் நத்தைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று என்னைக் கேட்காதீர்கள். கட்டடம் ஒன்று காலியாகக் கிடந்தது. காலிக் கட்டடத்தைக் கண்டால் அரசாங்கத்துக்குக் கை பரபரக்கும். மேசை போட்டார்கள், மின்விசிறி மாட்டினார்கள், தலைவரை நியமித்தார்கள், கடைசியாகத்தான் நத்தை ஞாபகம் வந்தது.

ஆணையத்தின் வேலை ஒன்றே ஒன்று. ஐப்பசி மழைக்கு நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஏறுகிறதே, ஓட்டு நத்தை, அது எந்தப் பேரினம் என்று முடிவு செய்வது. பேரினம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கல்யாணப் பத்திரிகையில் இன்னார் வகையறா என்று போடுகிறோம் அல்லவா, அந்த மாதிரி நத்தைக்கு வகையறா. இந்த நத்தையெல்லாம் ஒரே வகையறா என்று ஒரு கட்சி. இல்லை, இரண்டு என்று இன்னொரு கட்சி. ஒரு வருடம் பிரிப்பார்கள், மறு வருடம் சேர்ப்பார்கள். பிரித்தாலும் சேர்த்தாலும் மத்தியானம் சாப்பாடு உண்டு. நத்தைக்கு மட்டும் யாரும் தகவல் சொன்னதில்லை.

இந்த ஆணையம் தன் பாட்டுக்கு இருந்திருந்தால் எனக்கென்ன வந்தது? சிவகாசியில் என் பேப்பர் கடைக்கு அடுத்த கட்டடத்தில் பிரஸ் வைத்திருக்கிற சம்சுவின் குடியைக் கெடுக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சம்சு பாவப்பட்ட மனுஷன். ஒரே ஒரு ஆப்செட் மெஷின். கணக்கு வழக்கு, ஆர்டர் கொடுக்கிற பார்ட்டிகளோடு சண்டை, சமாதானம் எல்லாம் அவன் மனைவி கைருன்னிசாவின் கையில். அவர்கள் பிழைப்பு முழுக்கக் காலண்டர். ஆடிப் பதினெட்டுக்கு மாதிரிப் படங்களை ஆல்பம் போட்டு ஆர்டர் பிடித்தால், மார்கழி பிறப்பதற்குள் கடைசி லோடு லாரி ஏற வேண்டும். காலண்டர் தொழிலில் உள்ள சங்கடமே இதுதான். புஸ்வாணம் இந்தத் தீபாவளிக்கு விற்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கு ஆகும். காலண்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2003 ஆகஸ்டில் ஆணையத்தின் செயலாளர் சோலைமலை ஒரு ஆர்டரோடு வந்தார். ஆண்டு விழாவுக்கு ஒரு பக்க வண்ணக் காலண்டர். நடுவில் நத்தைப் படம். நத்தை உட்கார்ந்திருப்பது ஆணையத் தலைவர் முனைவர் அய்யாதுரையின் உள்ளங்கையில். வலப்பக்கம் ஆணையத்தின் பெயர், கொட்டை எழுத்தில்.

பிரஸ்ஸில் பிலிம் ஒட்டுகிறவர் செல்லக்கனி. அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் பிலிமைப் பரப்பி, அளவு பார்த்து ஒட்டுவார். அதன்பிறகுதான் பிளேட், மெஷின் எல்லாம். நத்தைப் பிலிமை வைத்துப் பார்த்தவருக்கு முகம் சுண்டிப்போனது. நத்தை தலையை இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆணையத்தின் பெயருக்கு முதுகைக் காட்டியது.

காலண்டர் தொழிலில் இது ஆகாது. படத்தில் இருக்கிற உருப்படி கடைப் பெயரைப் பார்க்க வேண்டும். முதுகைக் காட்டினால் வியாபாரம் வெளியே போய்விடும் என்று பார்ட்டி லோடைத் திருப்பிவிடுவான். அதனால் பிலிமைப் புரட்டி ஒட்டிவிடுவார்கள், உருப்படி மறுபக்கம் பார்க்கும். எதை வேண்டுமானாலும் புரட்டிவிட முடியாது. சாமியைப் புரட்டக் கூடாது, ஆசீர்வாதக் கை இடது கை ஆகிவிடும். தலைவர்களைப் புரட்டக் கூடாது, வகிடு மாறிவிடும், தொண்டர்கள் கல்லோடு வருவார்கள். குழந்தை, கிளி, ரோஜாப்பூ புரட்டலாம். செல்லக்கனி கொஞ்ச நேரம் யோசித்து, நத்தையைக் கிளிப் பக்கம் சேர்த்தார். ஆணையம் இத்தனை வருடமாக முடிக்க முடியாத வகைப்பாட்டு வேலையை அவர் ஒரு பீடி நேரத்தில் முடித்துவிட்டார். பிலிம் புரண்டது.

மாதிரித் தாள் ஒன்று அடித்து, அந்தப் புரூஃப் ஒப்புதலுக்காக ஆணையத்துக்குப் போனது. அங்கே ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கியது. முதல் மேசைக்காரர் மேலதிகாரி பார்ப்பார் என்று கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி, கீழே பார்த்திருப்பார்கள் என்று போட்டார். தலைவர் தன் கை அழகாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போட்டார். காலண்டர் அச்சானது.

விழாவில் தலைவர் காலண்டரை விரித்துக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற சோலைமலைக்கு வியர்த்தது. நம் ஊர் நத்தை ஓட்டின் கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்தால் அதன் வாய் வலப்பக்கம் இருக்கும். இதில் இடப்பக்கம் இருந்தது. ஓடு இடமாகச் சுற்றியிருந்தது. அவர் தலைவரின் காதில் ஓதினார்.

தலைவர் காலண்டரைப் பார்த்தார், தான் கையெழுத்துப் போட்ட புரூஃபை வரவழைத்துப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நண்பர்களே! இந்தப் படம் ஆணையத்தால் ஒப்பமிடப்பட்டது. ஒப்பமிட்ட படம் தவறாக இருக்க முடியாது. படம் தவறென்றால் ஒப்பம் தவறு. ஒப்பம் தவறென்றால் ஒப்பமிட்டவர் தவறு. ஒப்பமிட்டவர் நான். ஆகவே, நத்தை புதியது! இதுவரை உலகம் காணாத இடஞ்சுழிப் பேரினம் ஒன்றை இந்த ஆணையம் இன்று காலை கண்டுபிடித்திருக்கிறது!”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பிரிக்கிற கட்சிக்குப் பெருமகிழ்ச்சி, ஒரு பேரினம் கூடுதல். சேர்க்கிற கட்சிக்கும் பெருமகிழ்ச்சி, அடுத்த வருடம் சேர்ப்பதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

செய்தி பத்திரிகையில் வந்ததும் சம்சு பேப்பரோடு பிலிம் மேசைக்கு ஓடினான். செல்லக்கனியைக் கேட்டான். அவர் நடந்ததைச் சொன்னார். “மொதலாளி, ஆபீஸ் பேருக்கு மருவாதையா இருக்கட்டும்னுதான் திருப்புனேன்,” என்றார்.

சம்சு யோக்கியன். அதுதான் அவனுக்கு எமன். பிலிமையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினான்.

“அய்யா, மன்னிச்சுக்கிருங்க. நத்தை பழைய நத்தைதான். எங்காளு பிலிமைப் புரட்டி ஒட்டிட்டாரு. இந்தா பாருங்க, உங்க கையி. நீங்க வாட்சு கட்டியிருக்கிறது இடது கையில. படத்துல வலது கையில இருக்கு.”

தலைவர் தன் இடது கையைப் பார்த்தார். மெதுவாக வாட்சைக் கழற்றினார். வலது கையில் கட்டிக்கொண்டார்.

“நான் எப்பவும் வலது கையிலதானே கட்டுவேன். என்னய்யா சோலைமலை?”

“ஆமாங்கய்யா. பிறந்ததுலேருந்தே,” என்றார் சோலைமலை, தன் வாட்சைக் கழற்றியபடியே. சம்சு அறையை விட்டு வெளியே வருவதற்குள் அந்த அலுவலகத்தில் வாட்சு வைத்திருந்த அத்தனை பேருக்கும் கை மாறிவிட்டது. மறு வாரம் தலைவர் தைத்துப் போட்ட சட்டையில் பை வலப்பக்கம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தையும் இடப்பக்கச் சுவரிலிருந்து கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினார்களாம். என்ன சொல்ல!

ஆனால் அன்று சம்சு விடவில்லை. பூதக்கண்ணாடியை நீட்டினான். “அய்யா, வாட்சுல நம்பரெல்லாம் கண்ணாடியில பார்த்தாப்புல மாறிக் கெடக்கு. பிலிமை நேராப் பிடிச்சா பதினோரு மணி. இங்க ஒரு மணின்னு காட்டுது பாருங்க.”

தலைவர் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“சோலைமலை, நாம களப்பணி முடிச்சது எத்தனை மணின்னு எழுதியிருக்கீர்?”

“பதினோரு மணிங்கய்யா.”

“தப்பு. ஒரு மணி. ஆதாரம் இருக்கு. அன்னைக்கு எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாட்டுப் படி உண்டு. எழுதிக்கிடும்.” பிறகு சம்சுவின் பக்கம் திரும்பி, “பாய், உங்க ஒத்துழைப்புக்கு ஆணையம் நன்றி தெரிவிக்குது,” என்றார்.

“அய்யா, அந்த நத்தையவே எடுத்துப் பார்த்துருவமே?”

“அது வெறும் நத்தை. போட்டோ எடுத்ததும் தோட்டத்துல விட்டாச்சு, போயிருச்சு. ஒப்பமிட்டது படத்துக்கு. நத்தைக்கு யாரும் ஒப்பமிடலை.”

சம்சு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தான். வாசலைத் தாண்டுமுன் தலைவர் கூப்பிட்டார்.

“ஒண்ணு கேக்கணும் பாய். இந்த இடஞ்சுழி நத்தை முதன்முதலா எங்க காணப்பட்டுச்சு?”

இவன் யோக்கியன் என்று சொன்னேனே. யோசிக்காமல் பதில் சொல்லித் தொலைத்தான்.

“எங்க பிரஸ்லதான். கண்ணாடி மேசை மேல.”

முடிந்தது கதை. முதலில் காணப்பட்ட இடமே பேரினத்தின் பிறப்பிடம் என்பது ஆணைய விதி. பேரினம் வசிக்கும் இடத்தில் சத்தம், அதிர்வு, நடமாட்டம், வேலை எதுவும் கூடாது என்பது அடுத்த விதி. மறு நாள் காலை வேனில் வந்து இறங்கிய பைண்டிங் பெண்கள், பிரஸ் கதவில் ஆணையத்தின் அரக்கு முத்திரையைப் பார்த்துவிட்டு நடு ரோட்டில் தூக்குவாளியோடு நின்றார்கள். சோலைமலை தெருவில் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, “உஷ்! உள்ள பேரினம் இருக்கு,” என்றார்.

“என்ன இனமோ அது இருக்கட்டும். என் சாப்பாட்டு வாளி உள்ள இருக்குய்யா. நேத்து விட்டுட்டுப் போனது,” என்றாள் பேச்சியம்மாள். வாளியும் பேரினத்தின் சூழலில் சேர்ந்துவிட்டதாகச் சோலைமலை வருத்தம் தெரிவித்தார்.

கைருன்னிசா என் கடை வாசலில் வந்து உட்கார்ந்தாள். நான் அவள் கண் கலங்கிப் பார்த்ததில்லை.

“அண்ணாச்சி, ஆர்டர் அம்புட்டும் உள்ள கெடக்கு. போன் மேல போன். ஜனவரி பொறந்துட்டா நம்ம காலண்டர் வடை மடிக்கத்தான் ஆகும். ஒரு சீசன் விட்டுட்டா பார்ட்டி வேற பிரஸ்ஸுக்குப் போயிருவான், திரும்பி எட்டிக்கூடப் பாக்க மாட்டான். இந்த மனுசன் என்னன்னா உண்மையச் சொல்லப் போறேன், உண்மையச் சொல்லப் போறேன்னு பஸ் ஏறிக்கிட்டே இருக்காரு. இன்னும் எதையெதைச் சொல்லி எதையெதைப் பூட்ட வைக்கப் போறாரோ!”

நியாயமான பயம்தான். சம்சு மனு மேல் மனு கொடுத்தான். தன் பிரஸ்ஸில் நத்தையே இல்லை என்று எழுதினான். பேரினம் கண்ணில் படாமல் வாழும் குணமுள்ளது என்று பதில் வந்தது. அப்படியானால் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டான். கதவில் ஆணையத்தின் முத்திரை இருக்கிறதே, போதாதா என்று பதில் வந்தது. நிபுணர் குழு ஒன்று வந்து என் கடை மாடியில் ஏறி, பூட்டிய ஜன்னலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பேரினம் நலமாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, என் செலவில் டீ குடித்துவிட்டுப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீயில் உப்பைப் போட்டிருப்பேன். சம்சுவின் முகத்துக்காகச் சர்க்கரை போட்டேன்.

தீபாவளியும் போனது. சம்சு ஆணையத்தின் வராந்தா பெஞ்சில் தினமும் போய் உட்கார ஆரம்பித்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே அவர்கள் பேசுவதைக் கேட்டான். நத்தையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்கள் பேசியது ஒரே விஷயம்தான். சோலைமலை மதுரைக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். கணக்கர் மாற்றல் கேட்டுக் கிடைக்கவில்லை. டைப்பிஸ்ட்டுக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது, அழுதுகொண்டிருக்கிறார்.

ஒரு நாள் சாயங்காலம் சம்சு என் கடைக்குள் வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். “அண்ணாச்சி, இம்புட்டு நாளா நான் அவுகளுக்குத் தெரியாத பாஷையில பேசிக்கிட்டு இருந்துருக்கேன்,” என்றான். புது மனு எழுதி என்னிடம் நீட்டினான். தன் பிரஸ்ஸில் பணிபுரியும் இடஞ்சுழிப் பேரினத்துக்கு, தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாத காரணத்தால் வேறு ஊருக்கு மாற்றல் வழங்கும்படி கேட்டிருந்தான்.

“ஏலே சம்சு, உனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருச்சா?” என்றேன்.

“இன்னும் இல்ல அண்ணாச்சி. இந்த மனு போகலைன்னா பிடிச்சிரும்.”

மனுவைப் பார்த்ததும் ஆணையத்துக்கு உயிர் வந்தது. வரலாற்றிலேயே முதன்முறையாக எல்லா உறுப்பினர்களும் நேரத்துக்கு வந்தார்கள். சம்சுவோடு நானும் போய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

“பணிமூப்பு என்ன?” என்றார் ஒருவர்.

“பேரினங்கள்ல இதுதான் கடைசி. புரூஃபுக்குத் தேதி இருக்கு,” என்றார் சோலைமலை.

“அப்ப வரிசையில காத்திருக்கணும். எனக்கு முந்தி அதுக்கு எப்படிக் கொடுப்பீக?” என்று கணக்கர் எகிறினார்.

“கணவன், மனைவி ஒரே ஊருங்கிற சலுகையில கேக்கலாமே,” என்றார் இரக்கமுள்ள ஒரு பெண் உறுப்பினர்.

பிரிக்கிற கட்சித் தலைவர் எழுந்தார். “அது செல்லாது. நிலநத்தையில ஆண், பெண் ரெண்டும் ஒரே உடம்புல இருக்கு. அந்தச் சலுகைய அது பிறவியிலேயே அனுபவிச்சிக்கிட்டு இருக்கு.” அவர் தன் பதவிக் காலத்தில் நத்தையைப் பற்றிப் பேசிய உருப்படியான ஒரே வாக்கியம் அதுதான்.

உடல்நலக் காரணத்தில் மாற்றல் தரலாம் என்று முடிவானது. எந்த ஊருக்கு? அங்கேதான் பிடித்தது சனி. ஆமத்தூர் என்று ஒருவர் சொல்ல, அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்த உறுப்பினர் அலறினார். பேரினம் வந்தால் கொத்தனாரை நிறுத்த வேண்டியிருக்கும் அல்லவா. எம். புதுப்பட்டி என்றார்கள். அங்கே வெடி ஆலை வைத்திருக்கிற மைத்துனரை நினைத்துக்கொண்டு இன்னொருவர், நத்தைக்குக் காது மென்மையானது என்றார். நத்தைக்குக் காதே கிடையாது என்று ஒருத்தர் சொல்ல, கிடையாத காது அதைவிட மென்மையானது என்று இவர் பதில் சொன்னார். அவரவர் வீடு, அவரவர் சம்சாரத்தின் ஊர், அவரவர் குலதெய்வக் கோயில் என்று விலக்கிக்கொண்டே வந்ததில் மாவட்டத்தில் ஒரு சாண் இடம் மிஞ்சவில்லை.

சம்சு கையைப் பிசைந்துகொண்டிருந்தான். “யா அல்லா, இந்தப் பயலுகளுக்கு ஒரு வழியக் காட்டு,” என்று முனகியது எனக்குக் கேட்டது.

தலைவர் மேசையைத் தட்டினார்.

“கேவலமா இருக்குய்யா! நாம கண்டுபிடிச்ச பேரினம். அதுக்கு இடம் இல்லைன்னு சொல்றமே! அது தலைமை அலுவலகத்துக்கே வரட்டும். என் அறையிலேயே இருக்கட்டும். சும்மாவா வரும்? தலைமை அலுவலகத்துக்கு வர்றவங்களுக்குப் பதவி உயர்வு உண்டு. இன்று முதல் அது பேரினம் இல்லை. குடும்பம்!”

வகைப்பாட்டில் பேரினத்துக்கு மேல்படி குடும்பம். ஓர் உயிர் அந்தப் படி ஏற எத்தனை அறிஞர்கள் எத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொள்வார்களோ, தெரியாது. இங்கே வடை வருவதற்குள் ஏறிவிட்டது.

முத்திரையை உடைத்து, பேரினத்தைப் பழைய பணியிலிருந்து விடுவித்து, நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று சம்சுவுக்கு உத்தரவு. அவன் ஒரு காலிப் புஸ்வாணப் பெட்டியை எடுத்தான். உள்ளே ஒரு முருங்கை இணுக்கை வைத்தான். மூடி, நாலு பக்கமும் டேப் ஒட்டினான். அவ்வளவுதான். நத்தைக்கு எங்கே போவான்? அப்போது மழைகூட இல்லை.

“தொறக்கச் சொன்னாகன்னா என்ன செய்ய?” என்றாள் கைருன்னிசா.

“அப்ப காலண்டர் தொழில விட்டுட்டு ரெண்டு பேரும் புதுப்பட்டி வெடி ஆலைக்கு மருந்து திணிக்கப் போவோம்.”

தலைவர் மாலையோடு வாசலில் நின்றார். பெட்டியை வலது கையால் வாங்கினார். காதருகே வைத்துக் கேட்டார். “அமைதியான சுபாவம்,” என்றார் தலைவர். பணியேற்பு அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டி தலைவரின் மேசையில் உட்கார்ந்தது.

பெட்டி உட்கார்ந்த நிமிடமே விதியும் உட்கார்ந்தது. சத்தம், அதிர்வு, நடமாட்டம், வேலை எதுவும் கூடாது. சோலைமலை எல்லோரையும் வெளியே அனுப்பி, அலுவலக வாசல் கதவை இழுத்துப் பூட்டி, தன் கையாலேயே அரக்கு வைத்தார். ஆணையம் எதிரே உள்ள வேப்பமரத்தடிக்குக் குடிபெயர்ந்தது.

இங்கே மெஷின் ஓட ஆரம்பித்தது. முதல் தாள் வெளியே வந்ததும் சம்சு அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு விம்மிவிட்டான். முகமெல்லாம் சிவப்பு மை. கைருன்னிசா அவனைத் திட்டிக்கொண்டே துடைத்துவிட்டாள், அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். செல்லக்கனி வீட்டுக்கே போகவில்லை. பேச்சியம்மாளுக்கு வாளி கிடைத்தது, உள்ளே இருந்த சோற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். மார்கழிக்குச் சற்று முன்னால் கடைசி லோடு ஏறியது. ஒரு பார்ட்டிகூடக் கை நழுவவில்லை.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் தலைவர் அய்யாதுரை பிரஸ்ஸுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஆள் கறுத்து இளைத்திருந்தார். சட்டையில் காக்கை எச்சம். சம்சுவுக்கு முகம் வெளிறிவிட்டது. மறுபடி பூட்ட வந்துவிட்டார் என்றே நினைத்தான்.

“ஒரு தினசரி காலண்டர் வேணும் பாய். எங்க காலண்டர் உள்ள மாட்டிக்கிடுச்சு. மரத்தடியில தேதியே தெரிய மாட்டேங்குது.” குரலைத் தாழ்த்தினார். “வெளிய சொல்லாதீக. போன வாரம் அரசு விடுமுறையாம். தெரியாம அன்னைக்கும் வந்து உக்காந்துட்டோம். சர்வீஸ்ல இப்படி ஒரு இழப்பு எனக்கு வந்ததே இல்லை.”

சம்சு நல்ல காலண்டராக ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவர் பையைத் தடவினார். “காசெல்லாம் வேண்டாங்கய்யா. ஒரே ஒரு உபகாரம். அந்தப் பெட்டிய மட்டும் தொறந்துராதீக. குடும்பம் கலைஞ்சு போயிரும்,” என்றான் சம்சு.

“திறக்கிறதா?” தலைவர் அவனைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டா, அப்புறம் ஆணையம் எதுக்கு பாய்?”

சொல்லிவிட்டு, ஜனவரியைப் புரட்டிச் சிவப்புத் தேதிகளைத் தேடிக்கொண்டே படியிறங்கிப் போனார்.